கொல்லைப்புறத்தின் சட்டம்: அமெரிக்க வீட்டுமனைகளில் ஷெட், நீச்சல் குளம், துணை வீடு

அமெரிக்க ஊர்களில் கொல்லைப்புறம் பற்றிய விதிகள் எல்லாம் ஒரே பாகுபாட்டிலிருந்து தொடங்குகின்றன. மனையில் ஒரு கட்டடம் முதன்மையானது, மற்றவை துணை. குடும்பம் குடியிருக்கும் வீடு முதன்மை. மண்வெட்டியும் புல்வெட்டும் எந்திரமும் வைக்கும் ஷெட், கார் நிறுத்தும் கராஜ், செடிகளுக்கான கண்ணாடிக் குடில், நீச்சல் குளம், குளத்தருகே உடைமாற்றும் அறை ஆகியவை துணை. துணைக் கட்டடம் என்ற தகுதி பெற ஏறக்குறைய எல்லா விதித்தொகுப்புகளும் மூன்று நிபந்தனைகளைச் சொல்கின்றன. அது வீடு இருக்கும் அதே மனையில் இருக்கவேண்டும். அளவிலும் பயனிலும் வீட்டுக்குக் கீழ்ப்பட்டதாக இருக்கவேண்டும். வீடுகளோடு வழக்கமாகச் சேர்ந்து வருவதாகவும் இருக்கவேண்டும். வெறும் மனையை வாங்கி, வீடு எழும்பும் முன்பே அதில் ஷெட் மட்டும் போட நினைப்பவருக்குப் பல ஊர்களில் அனுமதி கிடைக்காததற்கு முதல் இரண்டு நிபந்தனைகளே காரணம்.

மூன்றாவது நிபந்தனை காலத்தோடு நகர்வது. குதிரை லாயம் வழக்கமாக இருந்த காலம் போய், 1920களில் கராஜ் வழக்கமானது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நீச்சல் குளமும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. எது வழக்கம் என்பதில் ஊர் நிர்வாகமும் வீட்டுக்காரரும் முட்டிக்கொண்டபோது சில இடங்களில் மத்திய அரசே தலையிட்டது. அமெச்சூர் வானொலிக்காரர்களின் உயரமான கம்பங்களுக்கு நியாயமான அளவில் இடம் கொடுக்கவேண்டும் என்று மத்தியத் தகவல்தொடர்பு ஆணையம் 1985இல் உத்தரவிட்டது. ஒரு மீட்டர் வரை விட்டமுள்ள டிஷ் ஆன்டெனாக்களைத் தடுக்கும் உள்ளூர் விதிகளையும் வீட்டு உரிமையாளர் சங்க விதிகளையும் 1996இல் அதே ஆணையம் முடக்கியது. இவை விதிவிலக்குகள்தாம். மற்றபடி கொல்லைப்புறத்தின் மீதான அதிகாரம் நகராட்சி, கவுன்டி ஆகியவற்றின் கையில் இருக்கிறது. அதனால் ஒரே சாலையின் இரு பக்கங்களில் இரண்டு விதமான விதிகள் இருக்கலாம்.

இந்த அதிகாரத்துக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. லாஸ் ஏஞ்சலஸ் 1908இலேயே குடியிருப்புப் பகுதிகளைத் தனியாகப் பிரித்துத் தொழிற்கூடங்களை விலக்கியது. நகரம் முழுவதற்குமான மண்டல விதிகளை 1916இல் நியூயார்க் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டில் உச்ச நீதிமன்றம் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகர விதி ஒன்றை ரத்து செய்தது. எந்த இனத்தவர் எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்று அந்த விதி வகுத்திருந்தது. இனத்தைச் சொல்லிப் பிரிக்க வழியில்லாமல் போன பின், மனையின் குறைந்தபட்ச அளவும், ஒரு மனைக்கு ஒரு குடும்பம் என்ற கட்டுப்பாடும் விலையின் வழியாகப் பெருமளவு அதே வேலையைச் செய்தன என்று வரலாற்றாய்வாளர்கள் பலர் காட்டியிருக்கிறார்கள். ஹெர்பர்ட் ஹூவர் வணிக அமைச்சராக இருந்தபோது, மாநிலங்கள் பின்பற்றத்தக்க ஒரு மாதிரிச் சட்டத்தை அவரது துறை வெளியிட்டது. கட்டடத்தின் உயரம், மாடிகளின் எண்ணிக்கை, மனையில் எத்தனை சதவீதத்தை அடைக்கலாம், சுற்றிலும் எவ்வளவு வெளி விடவேண்டும், கட்டடத்தை எதற்குப் பயன்படுத்தலாம் ஆகிய அனைத்தையும் ஊர் நிர்வாகம் வரையறுக்கலாம் என்று அந்தச் சட்டம் சொன்னது. இன்றைய ஷெட் விதிகளின் அடிப்படைக் கூறுகள் யாவும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

1926 நவம்பரில் ஒஹையோ மாநிலத்தின் யூக்ளிட் என்ற புறநகர் தொடர்பான வழக்கில், மண்டல விதிகள் அரசியல் சட்டத்துக்கு உட்பட்டவையே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனி வீடுகளுக்கு நடுவே எழும்பும் அடுக்குமாடிக் குடியிருப்பை ஓர் ஒட்டுண்ணியாகவே அந்தத் தீர்ப்பு கருதியது. தனி வீடும் அதைச் சுற்றிய புல்வெளியும் பாதுகாக்கப்படவேண்டிய பொருள் என்ற எண்ணம் அதிலிருந்து வேரூன்றியது. கொல்லையில் இன்னொரு குடும்பம் குடியேறிவிடக் கூடாது என்ற கவலை பின்னாளில் துணைக் கட்டட விதிகளின் உயிர்நாடி ஆனதற்கும் அதுவே பின்னணி.

நடைமுறையில் ஒரு ஷெட்டின் தலைவிதியை நிர்ணயிப்பவை நான்கு அளவுகள்: எல்லையிலிருந்து விடவேண்டிய இடைவெளி, உயரம், தரைப்பரப்பு, மனையில் அடைபடும் மொத்தப் பரப்பு. வீட்டின் முன்புறத்தில் துணைக் கட்டடத்துக்குப் பொதுவாக இடமில்லை. பக்கவாட்டிலும் பின்புறத்திலும் வீட்டுக்கு விதிக்கும் இடைவெளியைவிட ஷெட்டுக்குக் குறைவாகக் கேட்பதே வழக்கம். மூன்று அடி, ஐந்து அடி போன்ற எண்கள் அடிக்கடி தென்படும். இந்த இடைவெளி அழகுக்காக மட்டும் வந்ததல்ல. ஒரு மரக் கட்டடம் தீப்பிடித்தால் பக்கத்து மனைக்குத் தாவாமல் இருக்கவும், கூரையிலிருந்து விழும் மழைநீர் அடுத்தவர் நிலத்தில் பாயாமல் இருக்கவும், சுவரின் வெளிப்புறத்துக்குச் சாயம் பூச அடுத்தவர் வாசல் வழியாகப் போகாமல் இருக்கவும் அது வேண்டும். தெருமுனை மனையில் சிக்கல் இரட்டிப்பாகும். இரண்டு தெருக்களை நோக்கிய பக்கங்களும் பல ஊர்களில் முன்புறமாகவே கணக்கிடப்படுவதால், வீட்டுக்காரர் கொல்லை என்று நினைத்திருக்கும் இடத்தில் பாதி சட்டப்படி முற்றமாகிவிடும். முனையில் வரும் வாகன ஓட்டியின் பார்வையை மறைக்காதபடி ஒரு முக்கோணப் பகுதியையும் காலியாக விடவேண்டும்.

பரப்புக் கணக்கை ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். 50 அடி அகலமும் 120 அடி நீளமும் உள்ள மனை 6,000 சதுர அடி. அந்த ஊரில் கட்டடங்கள் 40 சதவீதம் வரை அடைக்கலாம் என்றால் 2,400 சதுர அடி கிடைக்கும். வீடு 1,800, கராஜ் 400 என்று ஏற்கெனவே 2,200 போய்விட்டது. மீதி 200. பத்துக்குப் பன்னிரண்டு அளவில் ஒரு ஷெட் போட்டால் 120 செலவாகி, 80 சதுர அடி மிஞ்சும். கொல்லையில் கண்ணுக்குத் தெரியும் புல்வெளி எவ்வளவு பெரிதாக இருந்தாலும், குளத்தருகே ஓர் ஓய்வறை கட்டும் ஆசை அங்கேயே முடிந்துவிடுகிறது. வீட்டை விரிவாக்க வேண்டிய நாள் வந்தால் அந்த ஷெட்டே தடையாக நிற்கும்.

மண்டல விதி வேறு, கட்டட விதி வேறு. எங்கே, எவ்வளவு பெரிதாகக் கட்டலாம் என்பது முன்னது. கட்டுவதை எவ்வளவு உறுதியாகக் கட்டவேண்டும் என்பது பின்னது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பெரும்பாலான தகராறுகள் முளைக்கின்றன. பல மாநிலங்கள் தழுவியிருக்கும் சர்வதேசக் குடியிருப்பு விதித்தொகுப்பின்படி, 200 சதுர அடிக்கு மேற்படாத ஒரு மாடித் தனி ஷெட்டுக்குக் கட்டட பர்மிட் தேவையில்லை. கலிபோர்னியா இந்த வரம்பை 120 சதுர அடியாகக் குறைத்திருக்கிறது. கடைக்காரர் பர்மிட் வேண்டாத ஷெட் என்று விற்பது இந்த அளவை வைத்துத்தான். ஆனால் அந்தச் சலுகை கட்டட பர்மிட்டுக்கு மட்டுமே. எல்லை இடைவெளியும் உயரமும் பரப்பும் அப்படியே நிற்கின்றன. மின் இணைப்போ குழாயோ கொண்டுவந்தால் அதற்குத் தனி பர்மிட் வேண்டும். எல்லையிலிருந்து இரண்டடியில் பர்மிட் இல்லாமல் நிறுத்திய சின்ன ஷெட்டை, ஐந்தடி கேட்கும் ஊர் நகர்த்தச் சொன்னால் நகர்த்தியே ஆகவேண்டும்.

நீச்சல் குளத்துக்கு வரும்போது விதிகளின் தன்மையே மாறுகிறது. ஷெட் விதிகளில் பெரும்பகுதி அண்டை வீட்டாரின் வசதிக்காகவும் தெருவின் தோற்றத்துக்காகவும் எழுதப்பட்டது. குள விதிகளில் பெரும்பகுதி குழந்தைகளின் மரணத்தைத் தடுக்க எழுதப்பட்டது. அமெரிக்காவில் ஒன்று முதல் நான்கு வயது வரையான குழந்தைகளின் மரணத்துக்கு நீரில் மூழ்குவதே முதல் காரணம் என்று அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. மூழ்கும் குழந்தை பெரும்பாலும் சத்தம் போடுவதில்லை. தண்ணீர் தெறிக்கும் ஓசைகூடச் சில நேரம் கேட்பதில்லை. கண்காணிப்பை மட்டும் நம்பமுடியாது என்பதால்தான் சட்டம் வேலியை நம்புகிறது. இரண்டு வகை விதிகளும் ஒரே கோப்பில், ஒரே அதிகாரியின் மேசையில் இருக்கலாம். ஒன்றில் தாராளம் காட்டலாம், மற்றதில் காட்டக் கூடாது.

குள விதித்தொகுப்பு வேலியைப் பற்றிச் சொல்லும் ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் ஒரு குழந்தையின் உடலளவு இருக்கிறது. 24 அங்குலத்துக்கு மேல் தண்ணீர் நிற்கும் குளத்துக்கு வேலி கட்டாயம். வேலியின் உயரம் வெளிப்புறத் தரையிலிருந்து அளந்து குறைந்தது 48 அங்குலம் இருக்கவேண்டும். வெளியே மேடு இருந்தால் உள்ளேயிருந்து அளந்து காட்டித் தப்பமுடியாது. கம்பிகளுக்கு நடுவே நான்கு அங்குல விட்டமுள்ள உருண்டை நுழையக் கூடாது. புல்தரைக்கும் வேலியின் அடிக்கும் இடையே இரண்டு அங்குலத்துக்கு மேல் சந்து இருக்கக் கூடாது. கிடைக்கம்பிகள் ஒன்றுக்கொன்று 45 அங்குலத்துக்குள் நெருங்கியிருந்தால் அவை குளத்தின் பக்கமாக இருக்கவேண்டும், செங்குத்துக் கம்பிகளின் இடைவெளியும் ஒன்றே முக்கால் அங்குலத்துக்குச் சுருங்கவேண்டும். இல்லாவிட்டால் வேலியே ஏணியாகிவிடும்.

கேட்டைப் பற்றிய விதிகளைக் கூர்ந்து பார்த்தால் அவற்றை எழுதியவர்களின் அக்கறை புரியும். கேட் குளத்துக்கு எதிர்ப்பக்கமாக, வெளியே திறக்கவேண்டும். தாழ் சரியாக விழாமல் கேட் ஒருக்களித்திருந்தாலும், உள்ளே போக முயலும் சிறு குழந்தை இயல்பாகக் கேட்டைத் தள்ளும். தள்ளும்போது கேட் மூடிக்கொள்ளும். கைவிட்ட உடனே அது தானாக மூடவேண்டும், தாழும் தானாக விழவேண்டும். தாழ்ப்பாளின் பிடி தரையிலிருந்து 54 அங்குலத்துக்குக் கீழே இருந்தால், அது குளத்தின் பக்கத்தில், கேட்டின் மேல்விளிம்புக்கு மூன்று அங்குலமாவது கீழே இருக்கவேண்டும். அதைச் சுற்றி 18 அங்குலத்துக்குள் அரை அங்குலத்துக்கு மேற்பட்ட ஓட்டை எதுவும் இருக்கக் கூடாது. வெளியே நிற்கும் குழந்தையின் கை மேலாகவும் எட்டாது, சந்து வழியாகவும் நுழையாது. இவ்வளவையும் சரிபார்த்து ஒப்புதல் தந்த பின், விருந்து நாளில் வந்துபோவோரின் வசதிக்காக யாரோ ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்துக் கேட்டைத் திறந்து வைத்தால் வேலி இருந்தும் பயனில்லை. வேலியோரமாகக் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலியும் அதே அளவு ஆபத்து.

விதிகளின் பலவீனமான இடம் வீட்டுச் சுவர். மூன்று பக்கம் வேலி போட்டு, நான்காவது பக்கத்துக்கு வீட்டின் பின்சுவரையே வேலியாகக் கணக்குக் காட்டப் பல ஊர்கள் அனுமதிக்கின்றன. அப்போது பின்கதவில் ஒலி எச்சரிக்கையோ, தானாக மூடும் அமைப்போ, குளத்தின் மேல் எடை தாங்கும் பாதுகாப்பு மூடியோ வேண்டும். ஆனால் குளத்துக்குப் போகும் குழந்தை பெரும்பாலும் தெருவிலிருந்து வருவதில்லை. அந்த வீட்டிலிருந்தே, அந்தப் பின்கதவு வழியாகவே போகிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதெமி நான்கு பக்கமும் வேலி சூழ்ந்த, வீட்டிலிருந்து குளத்தை முழுதாகப் பிரிக்கும் அமைப்பையே பரிந்துரைக்கிறது. மூன்று பக்க வேலிக்கு இடம் கொடுக்கும் விதி, வீட்டுக்குள்ளிருந்து குளம் தெரியவேண்டும் என்ற விருப்பத்துக்குச் செய்த சமரசம். அந்தச் சமரசம் நியாயமானதாகத் தோன்றவில்லை. கலிபோர்னியா 2018 முதல், தனி வீடுகளில் புதிதாகக் கட்டும் அல்லது மாற்றியமைக்கும் குளத்துக்கு, சட்டம் பட்டியலிடும் ஏழு பாதுகாப்பு ஏற்பாடுகளில் குறைந்தது இரண்டு இருக்கவேண்டும் என்று ஆக்கியது. ஒன்று பழுதானால் மற்றது காக்கும். அங்கே வேலியின் உயரமும் 60 அங்குலம்.

வேலிக்கு உள்ளேயும் ஆபத்து உண்டு. 2002இல் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் ஏழு வயதுப் பேத்தி, சூடான நீர்த்தொட்டியின் வடிகால் உறிஞ்சலில் சிக்கி இறந்தார். அவர் பெயரால் 2007 டிசம்பரில் நிறைவேறிய மத்தியச் சட்டம், விற்பனைக்கு வரும் வடிகால் மூடிகள் உறிஞ்சல் தடுப்புத் தரத்துக்கு உட்பட்டிருக்கவேண்டும் என்றது. பொதுக் குளங்களில் அவற்றைப் பொருத்துவதையும் கட்டாயமாக்கியது. மின்சாரத்துக்கு இன்னொரு தொகுப்பு. குளத்தைச் சுற்றி மூன்றடிக்குள் வரும் தரையின் கம்பிவலை, ஏணி, கைப்பிடி, பம்ப் மோட்டார் முதலிய உலோகப் பகுதிகளை ஒன்றோடொன்று செப்புக்கம்பியால் இணைத்து, அவற்றிடையே மின்னழுத்த வேறுபாடு வராமல் செய்யவேண்டும். மேலே செல்லும் மின்கம்பி குளத்தின் நீர்மட்டத்திலிருந்து குறைந்தது இருபத்திரண்டரை அடி விலகியிருக்கவேண்டும். கம்பியின் வகையைப் பொறுத்து இது இன்னும் கூடும். குளம் சுத்தம் செய்யும் நீண்ட உலோகக் கழியை ஒருவர் நிமிர்த்திப் பிடித்தால் அது எவ்வளவு உயரம் போகும் என்பதை நினைத்தால் இந்த எண் மிகையாகத் தெரியாது.

மண்டல விதி, கட்டட விதி இரண்டையும் கடந்தவருக்குக் கண்ணுக்குத் தெரியாத தடைகள் இன்னும் உண்டு. மனைப் பத்திரத்திலேயே மின்வாரியத்துக்கோ கழிவுநீர்க் குழாய்க்கோ ஒதுக்கிய பட்டை இருக்கலாம். அதன் மேல் ஷெட் கட்டியவர், குழாய் பழுதுபார்க்க ஆட்கள் வரும் நாளில் அதைத் தன் செலவில் அகற்றவேண்டியிருக்கும். வீட்டு உரிமையாளர் சங்கம் உள்ள குடியிருப்பில் ஷெட்டின் கூரை நிறம்வரை சங்கத்தின் ஒப்புதல் தேவைப்படும். நகராட்சி பர்மிட் கொடுத்துவிட்டது என்பது அங்கே பதிலாகாது. மண்டல விதிகளே இல்லாத பெருநகரமான டெக்சாஸின் ஹூஸ்டனில் வாக்காளர்கள் 1948, 1962, 1993 ஆகிய மூன்று முறையும் அவற்றை நிராகரித்தார்கள். எனினும் மனைப் பத்திரக் கட்டுப்பாடுகள் அங்கே ஏறக்குறைய அதே வேலையைச் செய்கின்றன, அவற்றை மாநகராட்சியே நீதிமன்றத்தில் நடைமுறைப்படுத்தவும் செய்கிறது.

மழைநீரும் ஒரு தடை. காங்கிரீட், ஓடு, கூரை போன்று நீர் இறங்காத பரப்பு கூடக்கூட, வெள்ளமும் ஆற்று மாசும் கூடுகின்றன. டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் வழக்கமான தனி வீட்டு மண்டலத்தில் இத்தகைய பரப்பு 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஷெட் மட்டுமல்ல, கார்ப் பாதையும் இதில் சேரும். செசபீக் விரிகுடாவைக் காக்க மேரிலாந்து 1984இல் கொண்டுவந்த சட்டம், ஓதநீர் எட்டும் கரையிலிருந்து 1,000 அடிக்குள் உள்ள நிலத்துக்குத் தனிக் கட்டுப்பாடுகளை வைக்கிறது. தன் நிலத்தில் தான் கட்டுவதை யார் கேட்பது என்ற கேள்விக்கு இதைவிட நேரான விடை கிடையாது. ஒரு மனையில் விழுந்து மண்ணில் இறங்காத நீர் அடுத்த மனைக்குத்தான் போகிறது.

விதிக்குள் அடங்காத மனைகளுக்கு விலக்குக் கேட்கும் வழி உண்டு. ஊர்க் குழு ஒன்று பொது விசாரணை நடத்தி, அண்டை வீட்டாரையும் கேட்டு முடிவெடுக்கும். மனை கோணலாக இருப்பது, செங்குத்தான சரிவில் இருப்பது, பாறை நடுவே நிற்பது போல நிலத்திலேயே உள்ள இடர்ப்பாடு மட்டுமே காரணமாக ஏற்கப்படும். வேறிடத்தில் கட்டினால் செலவு அதிகம் என்பதோ, ஏற்கெனவே கட்டிவிட்டேன் என்பதோ பொதுவாகக் காரணமாகாது. விதி வரும் முன்பே நின்ற கட்டடம் அப்படியே நிற்கலாம். ஆனால் தீயிலோ புயலிலோ பெரும்பகுதி அழிந்தால், பல ஊர்களில் பழைய இடத்தில் திரும்பக் கட்டமுடியாது. நடைமுறைப்படுத்தல் பெரும்பாலும் புகாரின் பேரில் நடக்கிறது. அதனால் பர்மிட் இல்லாத கட்டடம் ஆண்டுக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் இருந்து, வீட்டை விற்கும் நாளில் வாங்குபவரின் ஆய்வாளர் கையில் அகப்படுகிறது.

இந்த விதிகளில் அண்மையில் நிகழ்ந்த பெரிய மாற்றம் கொல்லையில் மனிதர் குடியிருப்பது பற்றியது. துணைக் கட்டடத்தில் சமையலறை கூடாது, இரவில் தங்கக் கூடாது என்று பெரும்பாலான ஊர்கள் பல பத்தாண்டுகளாகத் தடுத்துவந்தன. தடை இருந்ததால் யாரும் குடியிருக்கவில்லை என்று அர்த்தமில்லை. 1987இல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நாளிதழ் நடத்திய ஆய்வு, அந்தக் கவுன்டியில் சுமார் 42,000 கராஜ்களில் சுமார் இரண்டு லட்சம் பேர் வசிப்பதாக மதிப்பிட்டது. சட்டவிரோதமாக இருந்ததால் அந்த இடங்களில் தீ எச்சரிக்கைக் கருவியோ, தப்பிக்க இரண்டாவது வழியோ, முறையான மின்கம்பியோ இருக்குமா என்பதை யாரும் சோதிக்கவில்லை. தெருவின் தோற்றத்தைக் காத்த விதி, கராஜுக்குள் இருந்தவர்களின் உயிரைக் காக்கத் தவறியது.

கலிபோர்னியா 2016இலும் 2019இலும் நிறைவேற்றிய சட்டங்களால் நிலைமை தலைகீழானது. 2020 ஜனவரி முதல், தனி வீடு உள்ள மனையில் 800 சதுர அடி வரையான துணை வீட்டை, பரப்பு வரம்பைக் காரணம் காட்டி எந்த ஊரும் மறுக்கமுடியாது. பக்கவாட்டிலும் பின்புறத்திலும் நான்கடிக்கு மேல் இடைவெளி கேட்கக் கூடாது. 16 அடி உயரம் அனுமதிக்கவேண்டும். பொது விசாரணை கிடையாது. முழுமையான விண்ணப்பத்துக்கு 60 நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். கராஜை வீடாக மாற்றினால், இழந்த கார் நிறுத்துமிடத்துக்கு ஈடு கேட்கவும் கூடாது. துணை வீட்டை முற்றிலும் தடுக்கும் சங்க விதிகளும் செல்லாது. ஊரிலிருந்து பெற்றோரை அழைத்து வந்து மாதக்கணக்கில் உடன் வைத்துக்கொள்ளும் தமிழ்க் குடும்பங்களுக்கும், கல்லூரி முடித்து வாடகை கட்டமுடியாமல் திரும்பும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கும் இது பயனுள்ள வழி. ஓரிகன் மாநிலம் 2019இல் இன்னொரு திசையில் போய், பெரிய நகரங்களில் ஒற்றைக் குடும்ப மண்டலம் என்ற கட்டுப்பாட்டையே தளர்த்தியது.

பழைய சட்டவிரோதக் குடியிருப்புகளுக்கும் வழி திறந்திருக்கிறது. 2020க்கு முன் அனுமதியின்றிக் கட்டிய துணை வீட்டை, இன்றைய மண்டல விதிக்குப் பொருந்தவில்லை என்பதற்காக மட்டும் நிராகரிக்கக் கூடாது என்று 2024இல் கலிபோர்னியா சட்டமியற்றியது. குடியிருப்போரின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்தான குறைகளைச் சரிசெய்யச் சொல்லும் அதிகாரம் மட்டும் ஊரிடம் இருக்கிறது. இடைவெளியில் விட்டுக்கொடுத்து உயிர்ப் பாதுகாப்பில் விட்டுக்கொடுக்காத இந்தப் பிரிப்பைத்தான் கொல்லைப்புறச் சட்டம் தொடக்கத்திலிருந்தே செய்திருக்கவேண்டும்.

அடுத்த படி உரிமை பற்றியது. துணை வீட்டை முதன்மை வீட்டிலிருந்து பிரித்துத் தனியாக விற்க, ஊர்கள் விரும்பினால் இடம் கொடுக்கலாம் என்று 2023ஆம் ஆண்டின் கலிபோர்னியச் சட்டம் ஒன்று சொல்கிறது. சான் ஹோசே நகரம் 2024இல் அதை முதலில் ஏற்றது. விற்பதற்கு முன் மனையை அடுக்குமாடிக் குடியிருப்புகளைப் போல கூட்டுரிமை முறையில் பதிவு செய்யவேண்டும், கடன் கொடுத்த வங்கியின் சம்மதம் வேண்டும், பாதுகாப்பு ஆய்வு முடிந்திருக்கவேண்டும். இவற்றைக் கடந்துவிட்டால், ஒரு கொல்லையில் இருக்கும் 800 சதுர அடி வீடு தனிப் பத்திரமும் தனி வரிக் கணக்கும் உள்ள வேறொருவரின் சொத்தாகிவிடும்.